எழுபத்தெட்டில் விட்ட தட்டு

பழைய கோட்டுகளும் விளிம்புடைந்த பீங்கான் கோப்பைகளும் யாரோ படித்து முடித்துவிட்ட துப்பறியும் நாவல்களும் தர்ம காரியத்துக்காக விற்கப்படுகிற கடையொன்று எங்கள் தெருமுனையில் இருக்கிறது. மழைக்காக அதற்குள் ஒதுங்கியவன், ஒதுங்கிய குற்றத்துக்கு எதையேனும் வாங்கித்தான் தீரவேண்டும் என்ற கூச்சத்தோடு, அட்டைப் பெட்டியொன்றில் நெருக்கி அடுக்கியிருந்த சீடிக்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டு வந்தபோது, மற்றவற்றின் பருமனில் பாதிகூட இல்லாத மெல்லிய உறையொன்று கையில் அகப்பட்டது. ஒரே ஒரு பாட்டுக்காக வெளியிடப்படும் 'சிங்கிள்' என்ற வகையைச் சேர்ந்தது அது. அதன்மேல் மூன்று விலைச் சிட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சிட்டை ஐம்பது பென்ஸ் என்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். 'கோர்னர்ஷொப்' என்று கோஷ்டியின் பெயர் தெரிந்தது. பாட்டின் பெயரை வாசிப்பதற்கு அவசியமே இருக்கவில்லை. மழை நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டு லண்டன் முழுவதையும் ஆட்டிவைத்த 1998-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நானும் ஒரு கோர்னர் ஷொப்பிலேதான் வேலை பார்த்தேன். சங்கீத கோஷ்டியில் அல்ல. பாலும் பாணும் சிகரெட்டும் பத்திரிகையும் விற்கிற மெய்யான முக்குக் கடையில். கடையின் சொந்தக்காரர், கணக்கியல் படிப்பதற்கென்று எழுபதுகளில் கப்பலேறி வந்து, பரீட்சையைக் கைவிட்டுக் கடன் கொப்பியில் கணக்கு எழுதும் வாழ்க்கையை ஏற்றுக்கொண்ட யாழ்ப்பாணத்தவர். அவரை அண்ணை என்றே எல்லோரும் அழைத்தோம். கறுப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர்கூட, அதுதான் அவருடைய பெயர் என்று எண்ணிக்கொண்டு, 'மிஸ்டர் அண்ணை' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். எல்லோரும் அவ்வளவு மரியாதை உள்ளவர்களாக இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. எங்களுடையதைப் போன்ற கடைகளுக்கு அந்த ஊரில் வழங்கிவந்த வசைப்பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. கதவைத் திறந்து அதை உள்ளே எறிந்துவிட்டு ஓடுகிற பையன்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது இருந்தார்கள்.

சிகரெட் தட்டுகளுக்கு மேலே, காசு லாச்சிக்கு நேராக, ஒரு சிறிய வானொலிப் பெட்டி இருந்தது. காலையில் தமிழ்க் கசெட்டுகள், மாலையில் பி.பி.சி.யின் முதலாம் ஒலிபரப்பு என்பது அண்ணை வகுத்த சட்டம். மாலையில் வருகிறவர்கள் வாலிபர்கள், வாலிபர்கள் பாட்டுக் கேட்டு நின்றால் ஒரு சொக்லேற்றாவது கூடுதலாக வாங்குவார்கள் என்பது அவருடைய வியாபார சித்தாந்தம். அப்படியொரு மாலையிலே, ரொட்டிப் பக்கெட்டுகளின் திகதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என் காதில், மத்தளம்போல் இடிக்கிற தாளத்தின் நடுவே, 'ஆஷா' என்ற சொல் விழுந்தது. ஆங்கிலப் பாட்டில் ஆஷாவாவது என்று நினைத்தேன். மறுபடியும் விழுந்தது. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து என்ற எண்ணும் விழுந்தது. இந்தப் பாட்டு என்ன பாடுகிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்; ஆனால் ஆஷா என்ற பெயரையும் நாற்பத்தைந்து என்ற எண்ணையும் ஒன்றாகக் கேட்டால் புரியாமற்போகிற வீட்டில் நான் வளரவில்லை.

கோர்னர்ஷொப் என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லெஸ்டர் நகரத்தில் உருவான ரொக் கோஷ்டி. அதன் தலைவர் தஜிந்தர் சிங், வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்த பஞ்சாபியர். ஆசியர் என்றாலே முக்குக் கடைக்காரர்தான் என்று இங்குள்ளவர்கள் கொண்டிருந்த எண்ணத்தை எடுத்து, அதையே கோஷ்டிக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டவர். இதைப் பிற்பாடு அறிந்தபோது, எங்கள் கதவினூடே எறியப்பட்ட சொல்லொன்றை யாரோ குனிந்து பொறுக்கித் துடைத்துச் சட்டையிலே குத்திக்கொண்டதைப் போல எனக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. கிதாரோடு தம்புராவும் சித்தாரும் டோலக்கும் சேர்த்து வாசித்தார்கள். பீட்டில்ஸ் கோஷ்டியினர் சித்தாரைத் தொட்டுப் பார்த்த பிரசித்தமான பாட்டொன்றை, அதாவது 'நோர்வீஜியன் வூட்' என்பதை, இவர்கள் பஞ்சாபி மொழியில் பாடி 1997-இல் வந்த தங்கள் இசைத்தொகுதியில் சேர்த்தார்கள். வாங்கிப்போன பாத்திரத்தைக் கழுவிச் சோறு போட்டுத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

அதே தொகுதியில்தான் 'பிரிம்ஃபுல் ஒஃப் ஆஷா' இருந்தது. ஆஷா போஸ்லேயின் புகழையும், திரையில் ஒருத்தி வாயசைக்க மறைவில் இன்னொருத்தி பாடுகிற நம்முடைய பின்னணிப் பாட்டு முறையையும், நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுச் சுழல்கிற சின்ன இசைத்தட்டையும் துதிக்கிற பாட்டு அது. லதாவும் முகமது ரஃபியும் அதிலே வருகிறார்கள். ஆஷா என்றால் வடமொழியில் நம்பிக்கை, அவா; நம்முடைய ஆசை என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். ஆகவே பாட்டின் பெயரை 'விளிம்பு தளும்ப ஆஷா' என்றும் கொள்ளலாம், 'விளிம்பு தளும்ப ஆசை' என்றும் கொள்ளலாம். ஆடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சிலேடை தெரிந்திருக்கும்?

முதலில் வெளியானபோது யாரும் ஆடவில்லை என்பதே உண்மை. மூலப்பாட்டு சாவகாசமானது, திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும். 1997-இல் அது விற்பனைப் பட்டியலில் அறுபதாம் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப்போயிற்று. ஜோன் பீல் என்ற வானொலிக்காரர், பிறர் தொடாத பாட்டுகளையெல்லாம் இரவு நேரத்தில் ஒலிபரப்பி ஒரு தலைமுறையின் ரசனையையே பண்படுத்தியவர், ஆண்டு முடிவில் தம் நேயர்களிடம் வாக்குக் கேட்டபோது அவர்கள் இந்தப் பாட்டையே அந்த ஆண்டின் முதற்பாட்டாகத் தெரிந்தெடுத்தார்கள். அவ்வளவோடு அது ரசிகர்களுடைய இரகசியமாகவே நின்றிருக்கும். பிரைட்டன் நகரத்து நோர்மன் குக் அதைக் கையில் எடுத்திராவிட்டால்.

'ஃபட்போய் ஸ்லிம்' என்ற புனைபெயரால் உலகம் அறிந்த இந்த மனிதர், அதற்கு முன்னே ஹவுஸ்மார்ட்டின்ஸ் என்ற ரொக் கோஷ்டியில் பேஸ் கிதார் வாசித்தவர்; பிறகு கிதாரை வைத்துவிட்டு, பிறர் பாடியதைப் பிரித்துப் பூட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். அவர் தஜிந்தர் சிங்கின் குரலை எடுத்தார், காலப்பிரமாணத்தைக் கூட்டினார், அதனாலே சுருதியும் கூடவே மேலேறிற்று, அடியிலே நெஞ்சு அதிரும்படியாகத் தாளத்தை இட்டார். ரீமிக்ஸ் என்பது இதுதான். எழுபதுகளின் நடுவிலே நியூ யோர்க்கில் டொம் மௌல்ட்டன் போன்றவர்கள் நடன மண்டபங்களுக்கென்று பாட்டுகளை நீட்டித்துப் பன்னிரண்டு அங்குலத் தட்டிலே பதிக்கத் தொடங்கினார்கள். பெரிய தட்டிலே வரிகளை அகலமாக வெட்டலாம், வரி அகலமானால் ஒலியும் கனமாக எழும். அப்புறம் ரொக் கோஷ்டியினரும் அந்த வழியே போனார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ்கூட 1978-இல் 'மிஸ் யூ' என்ற தங்கள் பாட்டை எட்டு நிமிஷத்துக்கு மேலே இழுத்து நடனக்காரர்களுக்குக் கொடுத்தார்கள்.

இந்த யுக்தியை நான் முதன்முதலாகக் கண்டது நியூ யோர்க்கிலும் அல்ல, பிரைட்டனிலும் அல்ல. எங்கள் மாமாவின் விறாந்தையில்.

மாமாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. இந்திய வானொலியிலே சினிமாப் பாட்டு கூடாதென்று ஐம்பதுகளில் கேஸ்கர் என்ற மந்திரி கட்டுப்படுத்திவிட, பாரத தேசமே தன் பாட்டைத் தானே கேட்பதற்குக் கொழும்பை நோக்கிக் காதைத் திருப்பிய விநோதத்தை மாமா ஒரு தேசிய வெற்றியாகவே பாவித்தார். பம்பாயில் அமீன் சயானி பேசிப் பதிந்த நாடா ஆகாய விமானத்திலே கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ஆகாயத்திலே இந்தியாவுக்குப் போயிற்று. பிறகு மாமா ஒரு தட்டுப்பெட்டி வாங்கினார். நாய்ப்படம் போட்ட சின்னத் தட்டுகள் சில சேர்ந்தன. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரிலே அச்சானவை என்று சிட்டையில் இருக்கும். 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்துத் தட்டும் அவற்றில் ஒன்று. ஆஷாவின் குரலில் அந்தப் பாட்டைப் போடும்போது மாமி அடுக்களைக் கதவைச் சாத்திவிடுவார். கஞ்சா குடிக்கிறவர்களின் பாட்டென்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

பெட்டியின் பக்கத்திலே ஒரு சின்ன நெம்பி இருந்தது. முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து, எழுபத்தெட்டு என்று மூன்று எண்கள். மாமா குளிக்கப்போன ஒரு நாள், ஆஷா பாடிக்கொண்டிருக்கையிலே நான் நெம்பியை எழுபத்தெட்டுக்குத் தள்ளினேன். ஆஷா அணிலானார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, முப்பத்துமூன்றுக்குத் தள்ளினேன், அவர் தடிமன் பிடித்த ஒரு தலைமை ஆசிரியரானார். ஈரத் துவாயோடு ஓடிவந்த மாமா, "ஊசி தேய்ஞ்சால் ஆர் வாங்கித் தாறது? உன்ர கொப்பரோ?" என்று கேட்டு, தலையில் ஒரு குட்டும் வைத்தார். அந்தக் குட்டு நியாயமானது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் இருபத்தைந்து வருஷங்களுக்கு அப்பால் ஒருவர் ஏறக்குறைய அதையே செய்து, குட்டுக்குப் பதிலாகக் கீர்த்தி பெற்றார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறுபடியும் கடைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்னே, இரும்புக் கதவைப் பாதிதான் உயர்த்தி வைத்துக்கொண்டு, கட்டுக்கட்டாக வந்திறங்கிய பத்திரிகைகளுக்குள் அவற்றின் அனுபந்தங்களைச் செருகுவது எங்கள் வேலை. விளையாட்டுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று, பிரயாணத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு பத்திரிகைக்கும் நாலைந்து இருக்கும். இடது கையால் மடிப்பைத் திறந்து, வலது கையால் உள்ளே தள்ளி, முழங்கையால் அடுத்ததை இழுத்துக்கொள்ள வேண்டும். நூறு செருகுவதற்குள் விரல்கள் அடுப்புக்கரி பூசினாற்போல் ஆகிவிடும். அத்தகைய ஒரு விடியற்பொழுதில், நடன மண்டபத்திலிருந்து வீடு திரும்புகிற வாலிபன் ஒருவன், குளிரிலே மெல்லிய சட்டையோடு, பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து நுழைந்து தண்ணீரும் சிகரெட்டும் கேட்டான். காதுக்குள் இன்னும் இரைச்சல் அடங்காதவர்கள் பேசுகிற மாதிரி உரத்துப் பேசினான். அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டு நின்றான். பிறகு, எங்கள் முகங்களைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தவனைப்போல, "இந்த ஆஷா என்கிறது யார்?" என்று கேட்டான்.

அண்ணை செருகுவதை நிறுத்தினார். மிகுதிக் காசைக் கையிலே வைத்துக்கொண்டே, கொடுக்காமல், ஆஷா போஸ்லே யார், அவருடைய தமக்கை யார், பம்பாயில் பாடியது கொழும்பு வழியாகத் தம்முடைய வீட்டுப் பனைமரத்தில் கட்டிய கம்பிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று, அவரிடம் இருப்பதாக நான் அறிந்திராத ஆங்கிலத்திலே விஸ்தரித்தார். இதே ஆஷா தமிழிலும் பாடுகிறார், போன வருஷம் 'இருவர்' படத்துக்குப் பாடினார், அந்தக் கசெட் தம்மிடம் விற்பனைக்கு இருக்கிறது என்றார். அதோடு நில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, ஆஷாவின் பழைய பாட்டொன்றை வார்த்தையில்லாமல் இரண்டு அடி இழுத்தார். அண்ணைக்குச் சாரீரம் உண்டென்பது எனக்கு அன்றுதான் தெரியும். பையன் தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டான்; கேட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மிகவும் மெதுவாக இருக்கிறதே என்றான்.

"அவசரம் உனக்குத்தான்" என்று சொல்லி அண்ணை காசைக் கொடுத்தார்.

'டைட்டானிக்' படத்துப் பாட்டை இறக்கிவிட்டு, பெப்ரவரிக் கடைசியில் இந்தப் பாட்டு பட்டியலில் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்தது. ஒரே ஒரு வாரம். அடுத்த வாரம் மடோனா வந்துவிட்டார். அந்த ஒரு வாரத்தில் நான் எங்கள் கடையிலேயே ஐந்து பவுண் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கினேன். மாமா அப்போது வெள்ளவத்தையிலே ஒரு லொட்ஜில் இருந்தார். 95-ஆம் ஆண்டு இடம்பெயர்வில் வலிகாமத்தைவிட்டு எல்லோரும் புறப்பட்டபோது, மாமி நகைப்பையை எடுத்துக்கொண்டார், மாமா காணி உறுதிகளை எடுத்துக்கொண்டார். தட்டுகளை யார் எடுப்பது? பிற்பாடு வீட்டைப் பார்த்துவந்த அயலவர், கூரை ஓடு ஒன்றும் இல்லை, விறாந்தையிலே கறுப்பு அப்பளங்கள்போல் நெளிந்து கிடந்தவை உங்களுடைய பாட்டுத் தட்டுகள்தானே என்று கேட்டாராம். மாமா கடிதத்தில் இதை ஒரு வரியாக எழுதியிருந்தார். அடுத்த வரியில், குளிருக்குக் காலுறை போடுகிறாயா என்று கேட்டிருந்தார்.

லொட்ஜுக்குக் கீழே இருந்த தொலைத்தொடர்புக் கடைக்கு மாமாவை அழைப்பித்து, அவர் வந்து மூச்சு வாங்கி முடிவதற்குள் அட்டையில் ஒரு பவுண் கரைந்துவிட்டது. "மாமா, இதைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, வானொலிப் பெட்டியருகே தொலைபேசியைப் பிடித்தேன். முழுப் பாட்டும் போயிற்று. காதிலே வைத்தேன். கொஞ்ச நேரம் கடலிரைச்சல்போல் ஒன்றுதான் கேட்டது.

"உதென்னடா," என்றார் மாமா, "தட்டை எழுபத்தெட்டிலயே விட்டிருக்கிறாய்? இன்னும் அந்தப் புத்தி போகேல்லையோ?"

பாடகனை அவர் முன்பின் கேட்டதில்லை, மூலப்பாட்டையும் கேட்டதில்லை. ஆயினும், ஒரு மனிதனுடைய இயல்பான குரல் அதன் இடத்திலிருந்து மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்பதை, ஐயாயிரம் மைலுக்கு அப்பால், தொலைபேசிக் கம்பி வழியாக அவர் காது கண்டுபிடித்துவிட்டது. ஆஷாவைப் பற்றிய பாட்டு என்று சொன்னேன். அப்படியா என்றார், சந்தோஷப்பட்டார். வெள்ளைக்காரரும் ஆடுகிறார்களோ என்று கேட்டார். ஆடுகிறார்கள் என்றேன். ஆடட்டும் என்று ஆசீர்வதித்தார். அதற்குள் அட்டை முடிந்துவிட்டது.

மூலமா, ரீமிக்ஸா என்று என்னைக் கேட்டால் நான் மூலத்தின் பக்கம்தான். ஆனாலும் நோர்மன் குக்கின்மேல் எனக்குக் குறையில்லை. உட்கார்ந்து பாடுகிற கீர்த்தனைக்கு ஒரு காலப்பிரமாணம். சுவாமி வீதியிலே வரும்போது நாதஸ்வரக்காரர் அதே கீர்த்தனையை எடுத்தால் வேறொரு காலப்பிரமாணம். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுக்கொண்டு தேருக்குப் பின்னே நடந்தவர்கள் எவரும், பாட்டை இப்படி விரட்டலாமா என்று கேட்டதில்லை. வீதிக்கு வேண்டியது அதுதான். விரட்டியிராவிட்டால் எங்கள் கடை வானொலிக்கு அந்தப் பாட்டு வந்திருக்காது. மாமாவின் குட்டும் எனக்கு இவ்வளவு தெளிவாக ஞாபகம் வந்திராது. மாமா போய்ப் பல வருஷங்களாகின்றன. அண்ணையின் கடை இப்போது கைபேசி பழுதுபார்க்கிற இடமாக இருக்கிறது.

சீடியை வாங்கி வந்தேன். வந்த பிறகுதான் அதைப் போடுவதற்கு வீட்டில் ஒரு பெட்டியும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மகளுடைய பையன், பத்து வயது, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் கைபேசியில் அரை நிமிஷத்தில் பாட்டைக் கண்டுபிடித்துப் போட்டான். உடனே தோளை ஆட்டத் தொடங்கினான். இது வேகம் கூட்டிய பாட்டு, மெதுவாகப் பாடியது வேறொன்று இருக்கிறது என்றேன். "பொறுங்கோ அம்மப்பா" என்று சொல்லித் திரையிலே எதையோ அழுத்தினான். வேகம் முக்கால் பங்காகக் குறைந்தது. தாளம் தளர்ந்து நடந்தது. ஆனால் குரல் மட்டும் மேலேயே நின்றது. இப்போதைய கருவிகள் வேகத்தை ஒருபுறமும் சுருதியை ஒருபுறமும் தனித்தனியாகப் பிரித்துவைத்திருக்கின்றன.

"இப்ப சரியோ?" என்று கேட்டான்.

சரியில்லை. மாமாவின் பெட்டியில் நெம்பியை இழுத்தால் குரலும் கூடவே இறங்கும்.